சம்பந்தி கொடுத்த சைக்கிள் பை

சனிக்கிழமை, மாலை ஏழு மணி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் வந்து சேர்ந்துவிட்டேன். தங்கள் மகன் சுகம், என் மகள் சுகம், என் சைக்கிளும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும். தாங்கள் இரவல் கொடுத்த பை மட்டும் அவ்வளவு சுகமாக இல்லை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும்.

முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எதைக் கண்டாலும் ஒருமுறை ஆட்டிப் பார்க்காவிட்டால் என் கை சும்மா இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் என் மகளின் இந்த வீட்டுக்கு முதல்முறை வந்தபோது கதவு, தாழ்ப்பாள், குழாய், அலமாரி ஒன்று விடாமல் ஆட்டிப் பார்த்து, நாற்பத்தொரு குறைகளைப் பட்டியல் போட்டு, ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போனேன். நல்லெண்ணத்தில்தான் சம்பந்தி! "அப்பா, இது என் வீடு, உங்க லிஃப்ட் இல்ல" என்று சொன்னவள்தான். அதற்கப்புறம் ஃபோனில் "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" தவிர ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவள் போன மாதம் தானாகக் கூப்பிட்டு, "நாப்பது கிலோமீட்டர் சைக்கிள் சவாரி வருதுப்பா, ஜோடி ஜோடியா ஓட்டணும், எங்கூட வர்றீங்களா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவரவர் சொந்தச் சைக்கிளோடு சனிக்கிழமை ஐந்து மணிக்குள் மைதானத்தில் போய் நின்று பதிவு செய்ய வேண்டுமாம், தவறினால் ஜோடியே ரத்தாம். இதிலும் நான் சொதப்பினால் அவள் இன்னொருமுறை கூப்பிட மாட்டாள். என் நிலைமை இதுதான்.

தாங்கள் சொல்லிக் கொடுத்தபடியேதான் கட்டினேன். நடுவில் ஃப்ரேம், இருபுறமும் சக்கரம், ஹேண்டில்பார், பெடல், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை எல்லாம் கழற்றித் துணி சுற்றி இடுக்குகளில். "இவ்ளோ சின்னப் பையில முழு சைக்கிளா? போர்வைகூடப் போகாது போலிருக்கே" என்று என் மனைவி கடைசிவரை நம்பவில்லை. போயிற்று! ஜிப்பும் மூடியது. அந்தப் பெருமிதத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தொழில் பழக்கம் ஒன்றையும் செய்துவைத்தேன். நாங்கள் லிஃப்டில் எதைக் கழற்றினாலும் அதில் ஒரு சிவப்பு அட்டை கட்டுவோம், விஷயம் தெரியாமல் யாராவது சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதே என்று. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகுதான். வீட்டில் பழைய அட்டைக் கட்டு ஒன்று மீதமிருந்தது. பாகத்துக்கு ஒன்றாக இருபத்து மூன்று அட்டை கட்டினேன். "அபாயம்! தொடாதே!" என்று அச்சடித்திருக்கும்; கீழே என் கையெழுத்தும் கழற்றிய நேரமும் போட்டேன். பை விமானத்தில் போகப் போகிறது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

விமான நிலையத்தில் பையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு அறைக்குள் கூட்டிப் போனால் தங்கள் பை மேஜைமேல் வாய் பிளந்து கிடக்கிறது, நான்கு காவலர்கள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார்கள், மோப்ப நாய் ஒன்று பை மெத்தென்று இருந்ததாலோ என்னவோ அதன்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டது. "இதையெல்லாம் யாருய்யா எழுதினது?" என்றார் பாதுகாப்பு அதிகாரி அம்மா. "நான்தாங்க, கையெழுத்துகூடப் போட்டிருக்கேன் பாருங்க" என்றேன், ஏதோ பாராட்டப் போகிறார் என்பதுபோல. "என்ன அபாயம்?" "ஒண்ணும் இல்லீங்க." "அப்ப எதுக்கு அபாயம்னு போட்டீங்க?" "தொடாம இருக்கத்தாங்க." "தொட்டா என்ன ஆகும்?" "ஒண்ணும் ஆகாதுங்க." அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, அட்டையெல்லாம் அவுத்துட்டுக் கிளம்புங்க" என்று விட்டார் பாருங்கள், அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு அவிழ்த்திருக்கலாம். என் நாக்கில் சனி. "மாட்டி ஓட்டிப் பார்க்காம அவுக்கக் கூடாதுங்க, அதுதான் முறை" என்றேன். "அப்படியா? மாட்டுங்க, நானும் பார்க்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாட்டினேன் சம்பந்தி. முழு சைக்கிளையும் அந்த அறையில் மாட்டி, நடைவழியில் இரண்டு சுற்று ஓட்டியும் காட்டி, ஒவ்வொரு அட்டையாக அவிழ்த்தேன். காவலர்கள் கைதட்டினார்கள். விமானம் போய்விட்டது.

அடுத்த விமானம் பன்னிரண்டரைக்கு. அட்டைகளை அந்த அம்மா பறிமுதல் செய்துவிட்டார். அவசர அவசரமாக எதை எங்கே திணித்தேன் என்றே தெரியாமல் திணித்ததில் ஹேண்டில்பார் முட்டி ஜிப் ஒரு முழ நீளத்துக்குப் பிய்ந்துவிட்டது. கயிறு எதுவும் கிடைக்காமல் என் பெல்ட்டைக் கழற்றிப் பையைச் சுற்றிக் கட்டினேன். மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலே கால். ஒரு கையில் பை, மறுகையில் பான்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஓடி வந்த கோலத்தை மாப்பிள்ளை பார்த்தார், பெருந்தன்மையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையைத் திறந்து கொட்டினால் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அட்டை இல்லாத வேலையில் நான் கை வைத்ததே கிடையாது. காலையில் ஒருமுறை மாட்டியவன்தான், ஆனால் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தள்ளுங்கப்பா" என்று என் மகள் உட்கார்ந்தாள். என்ன வேகம் என்கிறீர்கள்! இடது பெடலை அவள் அரைத் திருகு கம்மியாக இறுக்கியதுபோல் எனக்குப் பட்டது. கை துடித்தது. நல்லவேளை, இரண்டு கையும் பான்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. முடித்துவிட்டு நிமிர்ந்து, "சரியா இருக்கான்னு பாருங்கப்பா" என்றாள். நான் பார்க்கவில்லை சம்பந்தி. "நீ செஞ்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன். அவள் பையில் கட்டியிருந்த என் பெல்ட்டை எடுத்து நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதிவு முடித்து, சைக்கிளை வீட்டுக்கு ஓட்டி வந்தோம்.

இந்த வயதில் ஒருவன் திருந்த முடியும் என்று தாங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், நான் இன்று மாலை ஐந்து மணியோடு திருந்திவிட்டேன். இந்த வீட்டுக் குழாய் ஒன்றைக்கூட இன்னும் ஆட்டிப் பார்க்கவில்லை. பையின் ஜிப்பைப் புதிதாகத் தைத்து என் கையாலேயே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன், பொறுத்தருள வேண்டும். நாளைச் சவாரி நல்லபடி முடியத் தாங்கள் இருவரும் அங்கிருந்தே வாழ்த்துங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை நாடும்
சம்பந்தி

பி.கு.: ஞாயிறு காலை ஐந்தே கால். நான் திருந்திய பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். அந்த இடது பெடல் மனசை விட்டுப் போகாமல் நாலரைக்கே விழிப்புத் தட்டிவிட்டது. ஓசைப்படாமல் ஸ்பானரோடு ஹாலுக்குப் போனால் விளக்கு எரிகிறது. என் மகள் தரையில் உட்கார்ந்து அதே பெடலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நேத்தே நீங்க ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதாப்பா? எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல" என்று என்னையே திட்டினாள். பெடலை மட்டும் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தோம். இப்போது என் சைக்கிள் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது, பக்கத்தில் அவளுடையதும். சவாரி ஆறு மணிக்கு. "இதுக்குத்தான் ரெண்டு வருஷம் பேசாம இருந்தீங்களா?" என்று தங்கள் மகன் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்கிறார். பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் நேரமில்லை. "அப்பா, லெட்டரை அப்புறம் எழுதலாம், வந்து இந்தப் பக்கம் பிடிங்க" என்று கூப்பிடுகிறாள். போகிறேன் சம்பந்தி.