பாடகரைக் காணோம்

"பாடறவர் எங்கே, மாப்ளே?" என்றார் மாமனார்.

கண்ணாடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். புல்லாங்குழல் கேட்டது. வயலின் கேட்டது. டிரம் தாராளமாகவே கேட்டது. பாடுகிறவர் மட்டும் விடுப்பில் போயிருந்தார்.

"இது முன்னிசை, மாமா. இதோ ஆரம்பிச்சிடுவார்."

"இதை ரெக்கார்டு பண்ணினதே நான்தான். இந்நேரம் ஒரு சரணமே முடிஞ்சிருக்கும்."

மாமனார் ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஸ்கூட்டர் போனால், எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று சோபாவில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவார். அந்தக் காது இன்று ஒப்புதல் கொடுத்தால்தான் டிவிக்குக் கீழே இருக்கும் கருப்புப் பெட்டி இந்த வீட்டில் இருக்கும்.

கருப்புப் பெட்டி என்பது வீடியோ கேம் பெட்டி. கடையில் பார்த்த நிமிடமே கண்ணாடிக்காரருக்கு அதன் மேல் காதல் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் வரக்கூடாத காதல் என்பதால் மனைவியிடம் வேறு மாதிரி சொன்னார்.

"இது உயர்தர சி.டி. பிளேயர். கேமும் ஆடலாமாம். நமக்கெதுக்கு அதெல்லாம்? உங்கப்பா ரெக்கார்டு பண்ணின பாட்டையெல்லாம் கேக்கலாம்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா வந்து கேக்கட்டும். அவர் சரின்னா இருக்கட்டும். இல்லேன்னா கடைக்கே போகட்டும்."

கடைக்காரன் திருப்பி வாங்கிக்கொள்ளும் கெடு நாளையோடு முடிகிறது. அதனால்தான் தன் மூக்குக்கண்ணாடிக் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, வேலை நாளில் வீட்டில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பமே சரியில்லை. மாமனார் சி.டி.யை நீட்ட, இவர் பெட்டியின் பொத்தானை அமுக்க, உள்ளேயிருந்து கையில் துப்பாக்கியும் முகத்தில் முறைப்புமாக ஒரு தாடிக்காரன் வெளியே வந்தான். அவர் ரகசியமாக வாங்கிய, அவன் படம் போட்ட கேம் டிஸ்க்! 'முதுகுவலிக்கு எளிய பயிற்சிகள்' என்ற சி.டி. உறைக்குள் அதை ஒளித்து வைத்ததாகத்தான் ஞாபகம். இத்தனை நாளில் ஒரே ஒரு தடவை, மனைவி குளிக்கப் போனபோது, சத்தமில்லாமல் ஆடியதோடு சரி. எப்போது திரும்ப உள்ளே போட்டோம் என்று யோசிக்க நேரமில்லை. தாடிக்காரனைச் சட்டைக்குள், முதுகுப் பக்கம், பேன்ட் பெல்ட்டில் செருகிக்கொண்டார். அதிலிருந்து குனியவும் முடியவில்லை, சாயவும் முடியவில்லை.

"முதுகு வலியா, மாப்ளே?"

"நிமிர்ந்து உட்கார்றது உடம்புக்கு நல்லதாம், மாமா."

இப்போது பாடகரைத் தேட, பெட்டியை இயக்கும் கன்ட்ரோலரை எடுத்தார். பெட்டியோடு இரண்டு வந்தன. அதில் ஒன்றைச் சில நாளாகக் காணோம். சி.டி. கேட்க எதற்கு இரண்டு என்று மனைவி கேட்பாளே என்று வாய்விட்டுத் தேடவும் முடியவில்லை.

திரையில் ஒலி அமைப்புப் பக்கம் விரிந்தது. 'சரவுண்ட்' என்பதற்கு நேரே பச்சைப் புள்ளி. ஆடிப்போனார். வாங்கி வந்த அன்றே ஸ்டீரியோவில் வைத்தவர் அவர். சுற்றிலும் ஒலி வர வைத்திருந்த ஐந்து ஸ்பீக்கர் செட்டில் நடு ஸ்பீக்கர் வீடு மாறும்போது உடைந்து, இப்போது அந்த இடத்தில் பூ ஜாடி இருக்கிறது. சரவுண்டில் வைத்தால் பாடகரின் குரல் நேரே பூ ஜாடிக்குப் போய்விடும். பூ ஜாடி பாடாது.

"என்னங்க, அதை ஏன் நோண்டறீங்க? இருக்கிறபடியே இருக்கட்டுமே!" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பாடகர் வரலையேம்மா!"

பதற்றத்தில் கட்டைவிரல் ஒரு வரி தள்ளி அமுக்கியது. 'அரங்க ஒலி' என்று திரை சொன்னது. பாடகர் வந்துவிட்டார். ஆனால் சோபாவுக்குப் பின்னாலிருந்து, வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி வந்தார்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "நான் இவரை ஸ்டுடியோவுலதான் பாட வெச்சேன். நீங்க ஏன் பாத்ரூமுக்கு அனுப்பினீங்க?"

கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார். பிறகு தொழில் புத்தி கைகொடுத்தது. கடையில் நாள் முழுக்க அவர் செய்கிற வேலைதானே?

"சரி மாமா, நான் மாத்தி மாத்தி வைக்கறேன். இது தெளிவா இருக்கா...? இல்ல, இது தெளிவா இருக்கா?"

"முதல்ல வெச்சதைக் காட்டுங்க."

"இதுவா?"

"அது மூணாவது."

"அப்ப இது?"

"இது எதுவுமே இல்ல மாப்ளே. நீங்க டிவி வெளிச்சத்தை மாத்திக்கிட்டிருக்கீங்க."

அடுத்த பக்கத்தில் 'ஒலித் தரம்' என்ற தலைப்பில் வெறும் எண்கள். 44.1 என்று ஆரம்பித்து 176.4 வரை ஏறின. சக்தி அதிகமான லென்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது என்று தினமும் ஊருக்குப் பாடம் எடுக்கிறவர், கொஞ்சமும் யோசிக்காமல் ஆகப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

சகலமும் நின்றது. அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயர் அந்த எண்ணைத் தாங்காமல் சிவப்பு விளக்கைச் சிமிட்டியது.

மாமனார் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "நிசப்தம் ரொம்பத் துல்லியமா இருக்கு, மாப்ளே."

பிறகு சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "பேசாம இதைக் கடையிலேயே குடுத்துடுங்க. என்கிட்ட ஒரு நல்ல பிளேயர் சும்மாத்தான் கிடக்கு. சாயங்காலமே கொண்டு வந்து தந்துடறேன்."

கண்ணாடிக்காரர் பதறி எழப் போனார். முதுகில் தாடிக்காரன் ஒரு குத்து குத்தினான். முடிந்தது கதை. இனி வாழ்நாள் முழுக்கப் பாட்டு மட்டும்தான்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து மனைவி கையில் கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ப்பா! பெட்டி நல்ல பெட்டிதான். இவருக்குத்தான் வைக்கத் தெரியலை. சி.டி.க்கு எது சரின்னு நீங்க சொல்லுங்க."

"ரெண்டே சேனல். ஸ்டீரியோ. எண் நாப்பத்தி நாலு பாயின்ட் ஒண்ணு. சி.டி.யில இருக்கறதே அவ்வளவுதான், மேலே ஏத்தி என்ன பண்ண?"

"கேட்டீங்களா? பின்னாடி வாங்க. இன்னும் ஒண்ணு பின்னாடி. வலது பக்கம் மூணாவது. ம், அதை அமுக்குங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அட்டைப் பெட்டி மேலே போட்டிருந்துது" என்று கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அமுக்கினார். பாட்டு வந்தது. புல்லாங்குழல் இடப் பக்கம், வயலின் வலப் பக்கம். பாடகர் எந்த ஸ்பீக்கரிலும் இல்லாமல், நட்டநடுவில் நின்று பாடினார். மாமனார் மெதுவாக உட்கார்ந்தார். பூ ஜாடியை விரலால் சுட்டிக் காட்டினார்.

"அதோ நிக்கறார் பாரு. அன்னிக்கும் இப்படித்தான் நின்னார். ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டு..." தானும் காதைப் பொத்திக் காட்டினார். "இருக்கட்டும்மா. திருப்பிக் குடுக்க வேணாம்."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டி பிழைத்ததற்காக மட்டுமில்லை. சொந்த அப்பாவையே எதிர்த்து, கணவனின் ஆசைக்காகக் கரண்டி தூக்கிய மனைவியை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறோமே என்று நெஞ்சு அறுத்தது. இனியும் பூசி மெழுகக்கூடாது. கையை முதுகுக்குக் கொண்டுபோய் டிஸ்க்கை உருவ ஆரம்பித்தார்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்தப் பெட்டியை நான் வாங்கினது..."

அழைப்பு மணி அடித்தது. மனைவிக்கு ஏனோ முகம் வெளிறியது. ஓடிப்போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இடைவெளியை உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

வாசலில் மாடி வீட்டு டியூஷன் டீச்சர் நின்றிருந்தார். கையில், காணாமல் போன கன்ட்ரோலர்.

"சார்ஜ் போட்டுக் கொண்டாந்துட்டேன் அக்கா, உங்க வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பியாச்சில்ல? இன்னிக்கு அந்தப் பாலத்தைத் தாண்டியே ஆகணும். சரவுண்டை மட்டும் யாரும் தொடாம பாத்துக்குங்க, முதல் நாள் ஸ்டீரியோல ஆடி, பின்னாடி வந்தவன் காலடி கேக்காம நாம ரெண்டு பேரும் செத்தது போதும்!"