சலாத்துக்கு நீட்டிய கை

பொத்துவிலில் இருந்து மருதமுனை வரைக்கும் சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களை வரிசையில் நிற்க வையுங்கள். அத்தனை பேரும் ஒருமுறையாவது சிசிலியன் காக்காவைத் தோற்கடித்திருப்பார்கள். நானும் தோற்கடித்திருக்கிறேன், அதுவும் காய்ச்சலோடு. சதுரங்கத்தில் என்னுடைய ஒரே வெற்றி அதுதான் என்பதால் பெரிதாக மார்தட்டவும் வழியில்லை.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கல்முனையில் அவருக்கு ஒரு பைப் கடை. சிசிலியன் என்பது கறுப்புக் காய்களோடு ஆடுகிறவர் எடுக்கும் ஒரு தொடக்கம். வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளும். கறுப்பு அதை நேரே போய் மறிக்காது, பக்கத்தால் ஒரு சிப்பாயை விட்டு வம்புக்கிழுக்கும். இதை ஒரு வீடியோவில் கண்ட நாளோடு காக்காவின் வியாபாரம் படுத்துவிட்டது. பைப்பைத் திருப்பிவிட எல்போ கேட்டு வந்தவருக்கு மூன்று வாயுள்ள டீ இணைப்பை எடுத்துக் கொடுத்தார். அவர் அதையே பூட்டி, அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீரோடு போனில் கோல் எடுத்தபோது, "கொஞ்சம் பொறுங்க, குதிரை இப்பதான் வெளிய வருது" என்றாராம்.

அந்த வீடியோவை அவர் முழுசாகப் பாடமாக்கியிருந்தார். எதிரே ஆடுகிறவர்கள் பாடமாக்கவில்லை, அதுதான் கரைச்சல். அக்கரைப்பற்றில் நடந்த ஒரு போட்டியில், நாலாவது நகர்விலேயே எதிராளி எதையோ மாற்றி வைத்துவிட்டார். காக்கா கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

"சேர், இவர் பிழையா ஆடுறார்."

"என்ன பிழை? மந்திரி சரியாத்தானே போயிரிக்கி?"

"போனது சரி சேர். ஆனா வீடியோவில அது அங்க போகல்ல."

நடுவர் சிரிக்கவில்லை, பாவம். காக்கா வழக்கம்போலத் தோற்றார். திரும்பி வரும் பஸ்ஸில் வழக்கம்போல என் தோளைத் தட்டி, "ஆனா தொடக்கம் எப்படி வந்திச்சி, பாத்தியா மனே?" என்றார். எத்தனை பஸ்ஸில் இதைக் கேட்டிருப்பேன்! அவருக்கு எல்லா ஆட்டமும் தொடக்கத்தில் நன்றாகத்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் எதிராளி என்று ஒருவர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தார்.

மனிதர்களைக் கண்டால் கை கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது. தொழுகை முடிந்ததும் வலமும் இடமும் இருப்பவர்களுக்குச் சலாம் சொல்லிக் கை கொடுப்பது எங்கள் பக்கத்து வழமை. காக்கா அதோடு நிற்க மாட்டார். பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடுகிறவர், வெளியே ஆட்டோவில் காத்திருப்பவர், கச்சான் கடலை விற்பவர் என்று கை கொடுத்துக்கொண்டே கடைக்கு வந்து, அங்கே நிற்கும் வாடிக்கையாளருக்கும் இரண்டு கையையும் நீட்டுவார்.

போன வருஷம் கல்முனையிலேயே ஒரு போட்டி வைத்தார்கள். அதற்கு முதல் நாள் கடைக்குப் போனேன். மனிதர் வாடிப் போயிருந்தார்.

"நிய்யத்து வெச்சிட்டன். நாளைக்கு ஒரு ஆட்டமாவது வெல்லாட்டி இனிப் பலகையத் தொட மாட்டன்."

"என்ன காக்கா கதைக்கிறீங்க?"

"பின்ன? எத்தின காலத்துக்கு மனே தோத்துக் குடுக்கிற? கண்ணாடிய பாக்கவே வெக்கமாரிக்கி."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் கடைசிச் சுற்று வரைக்கும் எல்லா ஆட்டத்தையும் தோற்றார். கடைசியில் பாண்டிருப்பு மாஸ்டர் ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவரும் அன்று முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தார். காக்காவுக்குக் கறுப்பு. மாஸ்டர் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளினார். காக்கா சிசிலியனை வைத்தார். மாஸ்டர் வீடியோவில் உள்ள பதிலை வைத்தார். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள்! மாஸ்டர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார் போலிருக்கிறது, திடீரென்று ஒரு கோட்டையை அநியாயமாகப் பறிகொடுத்தார்.

என் ஆட்டத்தை அவசரமாகத் தோற்றுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். காக்காவிடம் ஒரு முழுக் கோட்டை கூடுதல்! காக்காவின் காது சிவந்திருந்தது. இந்த நிலையில் இருந்து அவராலும் தோற்க முடியாது என்று நினைத்தேன். அவரை நான் இன்னும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எங்கள் ஊர்ப் போட்டிகளில் பாங்கு சொன்னால் எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வகுப்பறையில் பாய் விரித்துத் தொழுதோம். காக்காவின் துஆ அன்று மிக நீண்டது. மாஸ்டர் முஸ்லிம் இல்லை, அவர் அசையாமல் பலகையையே பார்த்தபடி மண்டபத்தில் இருந்தார்.

தொழுது முடித்து எல்லோரும் வந்து, கடிகாரங்களும் ஓடத் தொடங்கிய பிறகுதான் காக்கா உள்ளே வந்தார். வழமை போல வலமும் இடமும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றவருக்கு, தண்ணீர்ப் போத்தல் கொடுத்தவருக்கு, எனக்கு, அப்படியே போய்ப் பலகைக்கு மேலால் மாஸ்டருக்கும், முகமெல்லாம் சிரிப்போடு, இரண்டு கையையும்.

சதுரங்கத்தில் ஆட்டத்தின் நடுவே கை நீட்டினால் முடித்துக்கொள்வோம் என்று அர்த்தம்; தோற்கிறவர் நீட்டினால் தோல்வி, வெல்கிறவர் நீட்டினால் ட்ரோ, அதாவது சமநிலை. மாஸ்டர் எழும்பி அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"முதலாளி! தோக்கிற ஆட்டத்தில எனக்கு ட்ரோ தாறீங்களா? பெரிய மனசு!" என்றவர் கடிகாரத்தையும் நிறுத்திவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

நடுவருக்குச் சந்தேகம். "காக்கா, நீங்க ட்ரோ கேட்டயா, சும்மா சலாத்துக்குக் கை குடுத்தயா? சும்மா எண்டா செல்லுங்க, ஆட்டம் தொடரலாம்."

"செல்லுங்க காக்கா! சலாத்துக்கெண்டு செல்லுங்க!" என்று நான் பின்னால் நின்று கெஞ்சினேன்.

காக்கா பலகையைப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். மாஸ்டர் இன்னும் கையை விடவில்லை.

"சலாத்துக்குத்தான் சேர் நீட்டின" என்றார் காக்கா. "ஆனா மாஸ்டர் சந்தோஷமாப் புடிச்சிட்டார். குடுத்த கைய எப்படித் திருப்பி எடுக்கிற? ட்ரோ எண்டே எழுதுங்க."

நடக்கத் தொடங்கினோம். வீடு வரும் வரை தொடக்கம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கென்று அது உண்மையிலேயே அருமையாக வந்திருந்தது.

ட்ரோ வெற்றியாகாது. நிய்யத்து நிய்யத்துதான் என்று பலகையைப் பைப்புகளுக்குப் பின்னால் சொருகிவிட்டார். நான் சொல்லிப் பார்த்தேன். மாஸ்டரே கடைக்கு வந்து கெஞ்சிப் பார்த்தார். மனிதர் மசியவில்லை. இப்போது எல்போ கேட்டால் எல்போதான் கிடைக்கிறது, ஊரில் எவர் வீட்டு அறையிலும் தண்ணீர் நிற்பதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து கை நீட்டினார். நான் பிடித்த கையை விடவில்லை.

"என்ன மனே, ட்ரோவா?" என்றார்.

"இல்ல காக்கா," என்றேன், "நீங்க வெண்டுட்டீங்க."