பாப்பாவுக்குத் தாடி

"அண்ணே, ஓடி வாங்க! பாப்பா கன்னத்துல கோடு விழுது!" என்று நாணயச் சாலையின் மிஷின்காரர் கத்தினார்.

அச்சுக்காரர் ஓடிப்போய், அப்போதுதான் அடித்து விழுந்த நாணயத்தை லென்ஸில் பார்த்தார். குழந்தைகள் மருத்துவமனைக்கான நினைவு நாணயம் அது. சிரிக்கும் சிறுமியின் கண்ணிலிருந்து காது வரை, மயிரிழைபோல் மேடாக ஒரு கோடு. அச்சில் விரிசல் விட்டால் காசில் மேடு தட்டும். அவருக்குத் தெரியாததா?

"தலைமுடி ஏதாவது ஒட்டியிருக்கும். துடைச்சிட்டு அடி."

"இரும்புக்கு ஏதுண்ணே தலைமுடி?"

இந்த நாணயத்துக்குச் செய்தது ஒரே ஒரு அச்சு. விரிசல் விட்ட அச்சை, அதைப் பொருத்தியவரே சாணையில் வைத்து முகத்தை அழித்துவிட வேண்டும் என்பது விதி.

இந்த முகத்தை அவர் எப்படி அழிப்பார்? போன வருஷம் காய்ச்சலில் போய்விட்ட மகளின் போட்டோவைக் கொடுத்து, "இவளை வச்சுச் செய்ங்க தம்பி" என்று அச்சைச் செதுக்குபவரிடம் கேட்டுக்கொண்டவரே அவர்தான். அச்சில் முகம் இடம் வலமாக மாறித்தான் தெரியும். அவருக்கு அந்தச் சிரிப்பே போதும். தினமும் காலையில் அதைப் பொருத்தும்போது, "சாப்பிட்டியா கண்ணு?" என்பார். "அச்சு அசல் அவளேதான்" என்று வீட்டில் சொன்னபோது, மனைவி துணி மடிக்கப் போய்விட்டாள்.

அச்சுக்காரர் மிஷினின் அழுத்தத்தைக் குறைத்தார். மூக்கு சப்பையானது. கூட்டினார். கோடு கழுத்துவரை இறங்கியது. அச்சைக் கழற்றி மெருகுப் பசை போட்டுத் தேய்த்து, மறுபடி பொருத்தி அடித்தார். நெற்றி முடியைக் காணோம்.

"என்னண்ணே, வழுக்கை விழுந்திருச்சு?"

"வாயை மூடுடா. பொம்பளைப் பிள்ளையைப் போய்..."

சொல்லி முடிப்பதற்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். அச்சில் மோவாய்ப் பக்கம் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அடுத்த நாணயத்தில் அந்த இடம் கொத்தாகப் புடைத்து நின்றது.

"போச்சு, தாடியும் முளைச்சாச்சு! காலையில பாப்பா, மத்தியானம் தாத்தா!"

கூடமே சிரித்தது. அச்சுக்காரரும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது.

மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "இன்னும் என்ன வேடிக்கை? சாணையில வைங்க. சாயங்காலத்துக்குள்ள அழிச்சாச்சுன்னு கையெழுத்து வேணும்."

சாணையைப் போட்டார், நிறுத்தினார். மறுபடி போட்டார், நிறுத்தினார். அச்சு இன்னும் சுடச்சுட அவர் உள்ளங்கையில் இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல.

யாரோ போய்ச் சொல்லி, செதுக்குபவர் வந்து சேர்ந்தார்.

"தம்பி, அந்த போட்டோவை வச்சு இன்னொண்ணு செதுக்கிக் குடுங்க. காசுக்கு வேணாம். எனக்கு மட்டும்."

செதுக்குபவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போட்டோ என்கிட்ட இல்லண்ணே. நீங்க குடுத்த மறுநாளே அண்ணி வந்து, 'அச்சுன்னா ஒருநாள் உடையும், அன்னைக்கு அவர் கையாலதானே அழிக்கணும், வேற ஏதாவது பிள்ளை முகத்தைச் செதுக்குங்க தம்பி, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க."