கட்டிக்குள் நிற்கும் கூட்டம்

பிரியமுள்ள அத்தைக்கு,

முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எழுதினாலும் நீங்கள் படத்தான் போகிறீர்கள், ஆகவே எழுதவில்லை. போனில் உங்களுக்குக் காது கேட்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சோதித்துவிட்டார்கள். புற்றுநோய்தான். அதைச் சொல்லும்போதே டாக்டர் முகம் மலர்ந்தது எங்களுக்குப் பிடிக்கவில்லை. "கட்டிக்குள்ளயே நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கங்க கூட்டமாச் சேர்ந்திருக்கு. இப்படி இருந்தா மருந்து வேலை செய்ய வாய்ப்பு அதிகம்" என்றார். உங்கள் அண்ணன் ஆலையில் சூப்பர்வைசராக இருந்தது அவருக்குத் தெரியாது, பாவம். மூன்று பேர் சேர்ந்து நின்றாலே விரட்டிப் பழகியவரிடம் போய்க் கூட்டம் என்று சொல்லலாமா? "கூட்டமா நின்னு என்ன பண்றாங்களாம்? கட்டி வளர்ற வரைக்கும் வேடிக்கை பாத்தவங்கதானே?" என்று அப்பா கேட்க, அந்த அணுக்களைக் கட்டிப்போட்டிருக்கும் தடையை ஊசி மருந்து நீக்கிவிடும் என்று டாக்டர் விளக்க, "தடை இருக்கும்போதே அரட்டை. எடுத்துட்டா கேக்கணுமா? ஊசியே வேண்டாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். பின்னால் நான் ஓட, என் பின்னால் நர்ஸ் ஓட, லிஃப்ட் வாசலில் அவருக்கு மூச்சு வாங்கியதால்தான் பிடிக்க முடிந்தது. அவர் இருமி முடிக்கும்வரை லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள்போல் நின்றோம்.

"ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சு என்னப்பா பண்ணுவீங்க?" என்றேன்.

"எந்த மெஷின்ல கோளாறு, யாரு எங்க போகணும்னு சொல்லுவேன். அதுகூடத் தெரியாதா உனக்கு?"

"உள்ளயும் அதான்ப்பா நடக்குது. எதிரி எப்படி இருப்பான்னு அங்கதான் கத்துக்குதுங்க. அப்புறம்தான் சண்டைக்குப் போகும்."

லிஃப்ட் வந்தது, போனது.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன அந்த ஆளுக்கு?" என்று திரும்பி நடந்தார். சம்மதித்துவிட்டார், அத்தை. அடுத்த வாரம் முதல் ஊசி.

பெரியவர்களுக்கு என் வணக்கம். குட்டிகளுக்கு, தூரத்திலிருந்தே, முத்தம்.

உங்கள்
மருமகள்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டாக்டர் போனில் கூப்பிட்டார். அப்பாவின் கல்லீரலிலும் ஒரு கட்டி இருக்கிறது, உங்களிடம் மறைத்திருந்தேன். அதில் எடுத்த துணுக்கில் அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றுகூட இல்லையாம். மருந்து அங்கே எடுபடுமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். நெஞ்சையும் வயிற்றையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மேல இருக்கிறவங்கள்ல கொஞ்சம் பேரை அங்க அனுப்ப முடியுமான்னு கேளும்மா" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.