எரிக்கப்படாத கட்டு

ஏமஸ் த்ரூப் எப்படிச் செத்தார் என்ற விசாரணைக் காகிதம் இல்லை. தொலையவில்லை, விதிப்படி அழிக்கப்பட்டது என்பது அரசாங்கத்தின் வாதம்.

1951-இல் ஏமஸ் யார்க்‌ஷயர் கிராமம் ஒன்றில் ஆற்றில் மூழ்கினார். தானே குதித்தார் என்றது ஊர். கல்லறைத் தோட்டத்திலும் அவருக்கு ஒதுக்குப்புறம்தான். அன்று பள்ளிச் சிறுமியாக இருந்த மகள் ஹில்டாவுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. கண்ணை மூடுவதற்குள் உண்மை தெரிய வேண்டும். ஆவணக் காப்பகத்துக்குப் போனார்.

"மரண விசாரணைக் காகிதத்தை எழுபத்தஞ்சு வருஷத்துக்குக் காட்ட மாட்டோம் மேடம்," என்றார் அதிகாரி லீமிங். "நெருங்கின சொந்தக்காரங்க மனசு நோகக் கூடாது பாருங்க."

"அந்தச் சொந்தக்காரி நான்தான்யா!"

"அப்ப உங்களுக்குக் கண்டிப்பா காட்டக் கூடாது."

"எழுபத்தஞ்சு முடிஞ்சா?"

"தாராளமா வாங்க. ஆனா பதினஞ்சு வருஷத்துலயே எரிச்சிடுவோம்."

"எரிச்சதுக்கு எதுக்குய்யா பூட்டு?"

"எரிச்சாலும் ரகசியம் ரகசியம்தானே? சுவாரசியமான சாவா இருந்தா மாதிரிக்கு ஒண்ணு ரெண்டு வெச்சிருப்போம். உங்கப்பா..." லீமிங் உதட்டைப் பிதுக்கினார். "சும்மா மூழ்கியிருக்கார்."

"அடுத்த தடவை கொஞ்சம் சுவாரசியமா சாகச் சொல்றேன். எரிச்சதுக்கு அத்தாட்சியையாவது காட்டு."

லீமிங் முகம் மலர்ந்தது. எரித்ததற்கான அத்தாட்சிகள் நிரந்தரமாகப் பாதுகாக்கப்படுபவை. உள்ளே போனார். வாடிய முகத்தோடு திரும்பினார். கையில் ஒரு ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு. எரிக்க வேண்டிய கடைநிலை ஊழியர் சாயங்காலம் வரை தேநீர் குடித்துவிட்டு, தீப்பெட்டி நமுத்துவிட்டது என்றிருக்கிறார். வேலை போயிற்று. அவர் குற்றத்துக்குச் சாட்சியாக, ஏமஸின் காகிதம் அடங்கிய எரியாத கட்டும் கோப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"பார்க்கலாமா?"

"பார்க்கலாம். இப்ப இது மரண ஆவணம் இல்லை. சாட்சிப் பொருள்."

ஹில்டா படித்தார். நடைபாலத்தின் கைப்பிடி இற்றுப்போயிருந்தது. சாய்ந்ததும் முறிந்து ஏமஸ் தவறி விழுந்தார். ஊராட்சி உடனே சரிசெய்ய வேண்டும். கீழே, விசாரித்து முடிவு சொன்ன ஊர்க்காரர் ஏழு பேர் கையெழுத்து. ஏழு பேரும் ஊராட்சி உறுப்பினர்கள். கைப்பிடிக்குச் செலவாகும். குதித்தார் என்று சொல்லச் செலவில்லை.

இன்று காலைகூட ஹில்டா அந்தப் பாலத்தை, கைப்பிடி இருந்த இடத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கடந்து வந்தார்.

கடமை தவறாத அத்தனை பேரும் சேர்ந்து ஏமஸ் மேல் ஏற்றிய பழியை இறக்கி வைத்தவர் ஒருவர்தான்: சோம்பேறித்தனத்துக்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட கிளெம் சக்டன்.