பல் டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை இல்லையாம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முறைக்காகப் பொய் எழுதக் கை வரவில்லை. எனக்கு மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் சரியில்லை, நெஞ்சுக்குள்ளும் என்னவோ சரியில்லை. பல்லுக்கு வைத்தியம் நடக்கிறது. நெஞ்சுக்கு நீங்கள்தான் வந்தாக வேண்டும். விஷயம் உங்கள் தங்கையைப் பற்றியது. பதறாதீர்கள், அவளுக்கு ஒன்றுமில்லை, கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கிறாள். அதிர்ச்சி முழுக்க எனக்குத்தான். முதலிலிருந்து சொல்கிறேன். முடிந்தால் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எங்கள் வார்டுக்கு நகராட்சித் தேர்தல் வருகிறது. நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர், மூலைத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா. இன்னொருவர் சிமெண்ட் கடைக்காரர். நான் பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவன் என்பது உங்களுக்குத் தெரியும், பார்க்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். எங்கள் கட்டடத்தின் தீராத வியாதி சாக்கடை. மழை பெய்தால் அது போக வேண்டிய திசையை மறந்து படிக்கட்டுக்கு வந்துவிடும். போன மழையில் கீழ்வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு அடுத்த தெரு வரைக்கும் போனார். அந்தச் சாக்கடையில் முழங்கால் வரை இறங்கி, அடைப்பு எங்கே இருக்கிறது என்று கம்பியை விட்டுப் பார்த்த ஒரே வேட்பாளர் டாக்டரம்மாதான். வாயைக் குடைகிற கை, சாக்கடையையும் குடையும் என்று நான் மனதுக்குள் அவரையே கவுன்சிலராக்கி, வாழ்த்துரையும் எழுதி முடித்துவிட்டேன்.

இந்த நிலையில்தான், கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகளைப் போட்டு இரண்டு வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது என்று ஏற்பாடு செய்தேன். தலைமை நான், மைக் என் கையில். டாக்டரம்மா குழாயின் சரிவு எத்தனை, விட்டம் எத்தனை என்று விளக்கிக்கொண்டே போக, கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்தது. முதல் வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார். ஐயோ, நம்முடைய ஆள் கவிழ்ந்துவிடுவாரே என்று எனக்குப் பதற்றம். கூட்டத்தை அவர் பக்கம் இழுக்க, தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல ஒரு சுலபமான கேள்வி கேட்போம் என்று, "டாக்டரம்மா, உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டுதானே?" என்றேன். அவர் உண்டு என்பார், நான் கைதட்ட ஆரம்பிப்பேன், எல்லோரும் தட்டுவார்கள் என்று உத்தேசம். மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கியும்விட்டேன்.

"இல்லைங்க," என்றார்.

மச்சான், தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது. அக்குளில் இருந்த மைக் 'கீ'யென்று கத்தியது, அதற்கே தாங்கவில்லை. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினேன். "சின்ன வயசிலேருந்து யோசிச்சுட்டுத்தாங்க சொல்றேன். நம்புறவங்களுக்குக் குறுக்கே நான் நிக்க மாட்டேன். இப்ப அந்தக் குழாய் விஷயம் என்னன்னா..." என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குழாயை யார் கேட்டது? குறட்டை விட்டவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிமெண்ட் கடைக்காரர் துள்ளி எழுந்து, "எனக்கு நம்பிக்கை உண்டு! எல்லாச் சாமி மேலயும் உண்டு!" என்று முழங்கினார். கைதட்டல். "எல்லாச் சாமியுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "உங்களுக்கு எது உண்டோ, அது எனக்கும் உண்டு!" மறுபடியும் கைதட்டல். சாக்கடையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் மூச்சு விடவில்லை.

அன்றோடு கட்டடம் இரண்டாகிவிட்டது. "சாக்கடைக்கும் சாமிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்கிறார் கீழ்வீட்டுக்காரர். "மேல ஒருத்தன் பாத்துட்டிருக்கான்னு பயம் இல்லாதவங்க கையில ஊர்ப் பணத்தைக் கொடுப்பீங்களா?" என்கிறார் அவருடைய மனைவி. ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி; மொட்டைமாடியில் துணி காயப்போடும் கயிற்றைக்கூடப் பிரித்துக் கட்டிக்கொண்டார்கள். எனக்குக் கீழ்வீட்டம்மாள் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. டிப்போவில் யாரும் பார்க்காத நேரத்தில் ஒழுங்காக வேலை செய்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அதனால் வாழ்த்துரையில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, சிமெண்ட் கடைக்கு ஆதரவு சொல்லப் போனேன்.

கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தும்மினால் ஆள் காணாமல் போகிற அளவுக்குத் தூசி. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டதில் நான் பாதி வெளுத்துவிட்டேன். "உங்கள மாதிரி நம்பிக்கை உள்ள மனுஷர் நம்ம வார்டுக்குக் கிடைச்சது பாக்கியம். தினம் எப்போ பிரார்த்தனை பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நானா? எனக்கு நேரம் ஏதுங்க? அதுக்கு ஒரு ஆள் வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"கும்பிடத்தான். காலையில என் பேரைச் சொல்லி எல்லா இடத்திலயும் கும்பிட்டுட்டு வந்துடுவாரு. ரொம்ப நம்பிக்கையான ஆளுங்க. லீவே போட மாட்டாரு."

எனக்குத் தலை சுற்றியது. தூசியா, அவர் சொன்னதா என்று தெரியவில்லை. சாக்கடையைக் கேட்டேன். "அதுக்கும் ஒரு ஆள் போட்டுடலாம்" என்றார்.

வீட்டுக்கு வருவதற்குள் பல்வலி வந்துவிட்டது. சும்மா வலியில்லை, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போன்ற வலி. ஊரிலேயே பல்லுக்கு இருப்பது அந்த ஒரு கிளினிக்தான். கொள்கையைப் பார்ப்பதா, கடைவாயைப் பார்ப்பதா? உங்கள் தங்கை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா என் வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். "என் மேல கோபமா இருப்பீங்க. வாயை நல்லாத் திறங்க. பொய் சொல்லியிருக்கலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் திறங்க. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். அவ்வளவுதான்." எனக்கு அவரிடம் கேட்க நூறு கேள்வி இருந்தது, ஆனால் வாய் அவர் வசம். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு கிடைத்த இடைவெளியில், "கடவுள் பயம் இல்லேன்னா தப்பு பண்ண மாட்டீங்கங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டேன். உதடு மரத்திருந்ததால் அது பாதி காற்றாகத்தான் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, தினமும் இப்படிப் பேசுகிறவர்களோடுதானே பிழைப்பு.

"உத்தரவாதம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க துடிச்சா எனக்குப் பாக்கச் சகிக்காது, அதான் பாத்துப் பாத்துச் செய்யறேன். மத்தபடி... எங்க அம்மாவுக்கும் உங்க கூட்டத்துலதான் விஷயம் தெரிஞ்சுது. அதுலேருந்து என்கூடப் பேசறதில்ல. கதவைச் சாத்திக்கிட்டு எனக்காக வேண்டிட்டிருக்காங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இந்த வேலை ஒரே நாளில் முடியாது, பல தடவை வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இனிமேல்தான் விஷயம். வீட்டுக்கு வந்து, ஒரு பக்கம் வீங்கிய வாயோடு சோபாவில் சாய்ந்தபடி, "நல்ல பொம்பளைதான். ஆனா நம்பிக்கை இல்லாத ஒருத்தரை எப்படிம்மா நம்புறது?" என்றேன். உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையின் காலரை நீவிக்கொண்டே, "என்னை நம்பலையா?" என்றாள்.

"உன்னை எதுக்கு இதுல இழுக்கறே?"

"எனக்கும்தான் இல்லை."

"என்ன இல்லை?"

"நம்பிக்கை."

மச்சான், முதலில் ஊசி காதையும் மரக்க வைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் என் பக்கத்தில் கண்ணை மூடி நிற்கிறவள். "அப்போ அவ்வளவு நேரம் என்னதான் பண்ணுவே?" என்று கத்தினேன். "அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு யோசிப்பேன்" என்றாள். இதைவிட என்னை மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்கலாம். "நம்ம பாப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாளே, ராத்திரி பகலா நான் வேண்டினேனே, அப்பக்கூடவா?" என்று கேட்டேன்.

"அப்ப நீங்க கண்ணை மூடியிருந்தீங்க. ரெண்டு பேரும் மூடிக்கிட்டா எப்படி? டிரிப் தீர்ந்தா நர்ஸைக் கூப்பிட ஒருத்தர் வேணாமா?" என்றாள். பிறகு மடித்த சட்டையை என் மடியில் வைத்தாள். "ஆனா ஒரு கையில உங்க கையைப் பிடிச்சிருந்தேன். நீங்க வேண்டிக்கிட்டு இருக்கீங்கங்கிறதே எனக்குத் தெம்பா இருந்துச்சு. அதைச் சொல்லி உங்களை ஏன் கலைக்கணும்னுதான் சொல்லல."

கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலையில் நான் பிரார்த்தனைக்கு நின்றேன். பார்த்தால், வழக்கம்போலப் பக்கத்தில் வந்து நிற்கிறாள்! "இன்னும் எதுக்கு?" என்றேன். "நடுவுல நீங்க வரியை மறந்துடுவீங்களே, யாரு எடுத்துக் கொடுக்கறது?" என்றாள். சொன்னபடியே மறந்தேன். சொன்னபடியே எடுத்துக் கொடுத்தாள்.

பெண் கொடுத்த நாளில் இதை ஏன் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை? போகட்டும். ஐந்து வருஷம் சாக்கடை பார்க்கப்போகிறவருக்கே நம்பிக்கை அவசியம் என்றால், என் வீட்டையும் பிள்ளையையும் என்னையும் இத்தனை காலம் பார்த்தவளுக்கு? அவளுக்கு அவசியமில்லை என்றால் டாக்டரம்மாவுக்கு மட்டும் எதற்கு? இந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது. ஆனாலும் தலைவன் தடுமாறக் கூடாது. ஆள் வைத்தாவது கும்பிடுகிறவருக்குத்தான் என் ஓட்டு. இதில் மாற்றமே இல்லை. நீங்கள் அடுத்த வண்டியிலேயே கிளம்பி வந்து உங்கள் தங்கைக்கு நல்ல புத்தி சொல்லவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி, முக்கியமாகப் பல்நோயின்றி, தீர்க்காயுசாக இருக்கட்டும்.

தங்கள் அன்பு மறவாத,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை எழுதி முடித்துவிட்டுத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது. சாவடிக்குள் போய் நின்றதும் என் விரல் என்னைக் கேட்காமல் டாக்டரம்மாவின் சின்னத்தை அமுக்கிவிட்டது. உங்கள் தங்கை சந்தோஷப்படுவாள் என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, நான் சிமெண்டுக்குப் போட்டுட்டு வந்தேனே! அந்தம்மா ஜெயிச்சுட்டா உங்க பல்லை யாரு பாக்கறது?" எங்கள் வீட்டு இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. டாக்டரம்மா ஜெயித்துவிட்டார். சாக்கடையில் வேலை ஆரம்பித்துவிட்டது. கிளினிக் பூட்டிக் கிடக்கிறது, என் பல் பாதி வேலையில் திறந்தபடி நிற்கிறது. பக்கத்து ஊரில் ஒரு பல் டாக்டர் இருக்கிறாராம். "ரொம்ப பக்தியான மனுஷருங்க" என்றார் சொன்னவர். "அது இருக்கட்டும், கை நடுங்காதே?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது நான்தான், மச்சான். இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீளவில்லை. நீங்கள் வர வேண்டாம்.