ஒட்டுவதற்கு ஒரு வண்டி

வேதசிரோமணி வாத்தியார் சபதம் போட்டார். சாதாரணச் சபதம் இல்லை, செந்தமிழ்ச் சபதம்.

"ஒரு துளி விழுந்தாலும் வண்டி விற்கப்படும்!"

காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் பேச்சு தானாக மேடை ஏறிவிடும். எதிரே அவர் மனைவி ஞானஜோதி புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். மழை பெய்தது வண்டிக்கு வெளியே. அவள் நனைந்தது வண்டிக்கு உள்ளே.

"நிஜமாவா சொல்றீங்க?"

"வாக்கு வாக்குதான்."

"ஒண்ணும் விழலைன்னா?"

"நான் கூப்பிட்ட அன்னிக்கே நீ என்னோட ஏலகிரிக்கு வரணும்."

"சரி."

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். அவர் எங்கே உஷாராவது? மனசு அதற்குள் ஏலகிரி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தது.

வண்டி என்பது ஒரு பழைய ஸ்கூல் வேன். பம்மல் பட்டறையில் விட்டு உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கூரையில் காற்று வர ஒரு சின்ன ஜன்னல் எல்லாம் வைத்து வாங்கி வந்து, சேலையூர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். வெள்ளை பெயின்ட்டுக்கு அடியில் மஞ்சள் இன்னும் எட்டிப் பார்த்தது.

ஊரே சிரித்தது. அவர் ஏன் வாங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது. மழை வந்தால் ஜோதி மொட்டை மாடிக்குத் துணி எடுக்க ஓடுவாள். பிறகு ஜன்னல் சாத்துவாள். பிறகு மோட்டார் ரூமில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மழையைக்கூட அவள் உட்கார்ந்து கேட்டதில்லை. ஒரே ஒரு மழையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வைக்கவேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. அதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வேன் வாங்கிவிட்டார்.

ஜோதிக்கும் ஓர் ஆசை உண்டு. நாசரேத்தில் இருக்கும் தங்கை எப்சி வீட்டுக்குப் போகவேண்டும். எப்சி வாயைத் திறந்தால் தாமிரபரணி வெள்ளம். எனவே வாத்தியாருக்கு வருஷாவருஷம் சரியாக அவள் ஊருக்குக் கிளம்பும் சமயத்தில் முட்டி வலி வரும்.

மறுநாள் ஏணி போட்டு வண்டி மேல் ஏறினார். அடுப்புக்கு மேலே சொட்டியது, அடுப்புக்கு மேலே பசை பூசினார். அடுத்த மழையில் மறுபடி அடுப்புக்கு மேலேயே சொட்டியது. மேலும் பூசினார். மேலும் சொட்டியது.

எதிர்வீட்டு பிரிட்டோ ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினான்.

"இன்னா சார், வண்டிக்கு ஃபேசியல் பண்ணிகினு கீறியா?"

"ஒழுகுதப்பா."

"ஸ்கூல்ல ஒழுக்கம் சொல்லிக் குடுத்த ஆளு. வூட்டாண்ட ஒழுக்கா?"

உள்ளேயிருந்து ஜோதி குரல் கொடுத்தாள்: "நானும் கேட்டுட்டேன் பிரிட்டோ. இதை ஓட்டுறதுக்கு வாங்கினாரா, ஒட்டுறதுக்கு வாங்கினாரா?"

ஆனால் அன்று சாயங்காலம் அவளே ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஓட்டை ஒரு இடம், சொட்டுறது ஒரு இடம். தண்ணி உள்ளே கம்பி மேல ஓடி வந்து விழுது. பஞ்சர் கடையில எப்படிப் பாக்குறாங்க? கதவைச் சாத்தி உள்ளே காத்தை அடிங்க. மேல சோப்பைத் தடவுங்க. எங்கே குமிழி வருதோ அங்கே ஓட்டை."

பட்டறையிலிருந்து ஊதுகுழல் மெஷின் ஒன்றை வாங்கி வந்து காற்றடித்தார். கூரையின் பின்பக்கம், கேரியர் போல்ட்டைச் சுற்றிக் குமிழிகள் எழுந்தன. தகடு சேரும் இடத்தில் வரிசையாக எழுந்தன. அந்தி வெளிச்சத்தில் ஒவ்வொன்றிலும் வானவில். வாத்தியார் கையில் துணியோடு மெய்மறந்து உட்கார்ந்துவிட்டார். தன் வண்டி கனவு கண்டு மூச்சு விடுவதாக அவருக்குத் தோன்றியது.

"குமிழியைப் பாத்தது போதும், குறி போடுங்க!"

குறி போட்டார். பழைய பசையைச் சுரண்டினார், துடைத்தார், காயவிட்டார், புதுப் பசையைப் பசை அடிக்கும் துப்பாக்கியில் போட்டுப் பிதுக்கினார். ஜோதி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் காத்து ஜன்னல் ஓரமும் பூசிடுங்க."

"பூசிட்டேன்."

"ஓரம் மட்டும் எதுக்கு? அதையே மூடிப் பூசிடுங்களேன். சாரல் அடிச்சா?"

"நல்ல யோசனை!"

"பக்கத்து ஜன்னல் கண்ணாடியும் ஆடுது."

அதையும் ஒட்டினார். எறும்பு நுழைய இடமில்லை. இவள் மனசு மாறிவிட்டது, ஏலகிரிக்கு வரத்தான் இப்படித் துடிக்கிறாள் என்று நினைத்து இன்னொரு சுற்றுப் பூசினார்.

சோதனை நாள் வந்தது. மழை இல்லை, நல்ல புழுக்கம். ஜோதி வண்டியின் தரை முழுக்கக் கோலமாவைச் சலித்துத் தூவினாள்.

"ஒரு துளி விழுந்தாலும் மாவுல தெரிஞ்சிடும். நீங்க உள்ளே உக்காந்து பாருங்க. நான் மாடியிலேர்ந்து ஓஸ் பைப்புல அடிக்கிறேன். கதவைத் திறந்தா ஆட்டம் செல்லாது."

கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் கூரையில் விழுந்தது.

ஆஹா! அந்தச் சத்தம்! முதலில் கைதட்டல் மாதிரி. பிறகு தாளம். பிறகு ஏதோ தாலாட்டு. வாத்தியார் கண்ணை மூடினார். ஏரி தெரிந்தது. ஏரி மேல் பனி நகர்ந்தது. பக்கத்தில் ஜோதி, மடியில் கை வைத்து, எங்கும் ஓடாமல், மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் கலைந்துவிடும்.

வெளியே ஜோதி அவசரப்படவில்லை. ஒரு கையில் ஓஸ், மறு கையில் போன். போனில் எப்சி. எப்சி போனில் இருந்தால் ஓஸ் எப்போது நிற்கும்?

வாத்தியார் கண் விழித்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்து கிடந்தது. வெற்றி! குனிந்து தரையைப் பார்த்தார். வெள்ளை மாவில் அழகாக ஒரு புள்ளி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு நுனியிலிருந்து இன்னொன்று விழுந்து அதற்குத் துணை சேர்ந்தது.

கதவு திறந்தது.

"புள்ளி வச்சிட்டீங்களே. கோலம் நான் போட்டுக்கறேன்."

"ஜோதி, இது வேர்வை! கூரையிலிருந்து விழலை!"

"ஒரு துளி விழுந்தாலும்னுதானே சொன்னீங்க? எதிலிருந்துன்னு சொல்லலையே. ஐந்தாம் வேற்றுமையை விட்டா பிள்ளைங்களுக்கு மார்க் குறைப்பீங்களே, அந்தப் பேப்பருக்கெல்லாம் நான்தானே மார்க் கூட்டிப் போடுவேன்."

 ஏரி, பனி எல்லாம் போயிற்று. வண்டி போகப்போகிறது. அதை நினைத்தபோது கண்ணும் வேர்த்தது.

"யாருக்கு விக்கப்போறே?" என்றார் ஈனசுரத்தில்.

"அதையும் நீங்க சொல்லலை. நான்காம் வேற்றுமையும் போச்சு. முதல்ல இதைக் குடிங்க."

ஜில்லென்று ஒரு சொம்பு நன்னாரி சர்பத். கடகடவென்று குடித்து முடித்தார்.

"குடிச்சாச்சா? அதான் விலை. வண்டி இப்ப எனக்கு."

அவர் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் இடப்பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மழையில்லாத கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது ஏலகிரியா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

"எங்கே போறோம் ஜோதி?"

"நாசரேத்து. வழியில மழை பெஞ்சா ஓரமா நிறுத்துங்க, உக்காந்து கேக்கலாம். இப்ப ஏணியைப் போட்டு அந்தக் காத்து ஜன்னலை அறுத்துத் திறந்து விடுங்க டிரைவர், ஓனருக்கு வேர்க்குது."